வண்ணக்கல் பரிசு: நான்கு வழிகளில் எது உங்களுக்குப் பொருந்தும்?

திருமண நாளுக்கு மனைவிக்கோ, படிப்பு முடித்த மகளுக்கோ ஒரு வண்ணக்கல் நகை வாங்கித் தர விரும்பும் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் பலர் ஏறத்தாழ ஒரே குழப்பத்தை எழுதுகிறார்கள். லாரன்ஸ் சாலையிலும் நேரு வீதியிலும் இரண்டு மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார்கள்; ஒரே அளவுள்ள சிவப்புக் கல்லுக்கு ஓரிடத்தில் சில நூறு ரூபாயும், இன்னோரிடத்தில் சில ஆயிரமும், மற்றோரிடத்தில் லட்சத்தை நெருங்கும் விலையும் சொல்லப்பட்டதால், எதையும் வாங்காமல் வீடு திரும்பியிருக்கிறார்கள். அந்த மூன்று விலைகளுமே நேர்மையானவையாக இருக்கலாம், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் அவை மூன்று வேறு பொருள்கள். இயற்கைக் கல்லா, செயற்கைக் கல்லா என்பதைத்தான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இயற்கைக் கல் என்ற பெயரிலேயே, அந்தக் கல்லுக்கு என்ன செய்யப்பட்டது என்பதை யாரும் கேட்காமலும் சொல்லாமலும் விடும்போதுதான் பெரிய இழப்பு நேர்கிறது என்பது என் உறுதியான கருத்து. அரிய இயற்கைக் கல், எளிய இயற்கைக் கல், ஆய்வகத்தில் வளர்த்த கல், கண்ணாடிக் கற்கள் பதித்த கெம்பு நகை என்ற நான்கு வழிகளை இங்கே எடைபோட்டுப் பார்ப்போம்.

## எவற்றைக் கொண்டு எடைபோடுவது

முதலில் தீர்மானிக்க வேண்டியது, கல் உடலில் எந்த இடத்தில் இருக்கப் போகிறது என்பது. காதிலும் கழுத்திலும் இருக்கும் கல் அதிகம் உரசுவதில்லை. மோதிரக் கல்லோ பாத்திரம் தேய்க்கும்போதும், வண்டியின் கைப்பிடியைப் பிடிக்கும்போதும், தேவனாம்பட்டினம் கடற்கரையில் பிள்ளைகளோடு மணலை அளையும்போதும் அடிபடுகிறது. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில், கடல் மணலில் நிறைந்திருக்கும் குவார்ட்ஸ் 7ஆம் இடத்தில் நிற்கிறது; வீட்டுத் தூசியிலும் அதே குவார்ட்ஸ் துகள்கள் உண்டு. ஆகவே 7க்குக் கீழே உள்ள கல்லை மோதிரத்தில் வைத்து நாள்தோறும் அணிந்தால், தூசி படிந்த கல்லைத் துணியால் துடைப்பதுகூட நாளடைவில் அதன் பளபளப்பை மங்கச் செய்யும். கடினம் வேறு, உடையாத் தன்மை வேறு என்பதையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும்: டோபாஸ் 8 கடினம் உடையது, எளிதில் கீறல் விழாது, ஆனால் அதன் பிளவுத்தளத்தின் வழியே ஓர் அடி விழுந்தால் இரண்டாகப் பிளந்துவிடும்.

அடுத்தது, கல்லின் நிறமும் தெளிவும் இயல்பாக வந்தவையா, பக்குவம் செய்து வரவழைத்தவையா என்பது. கடைகளில் ‘ட்ரீட்மென்ட்’ என்று சொல்லப்படும் இந்தப் பக்குவங்களில் வெப்பமூட்டல் போல நிலைத்து நிற்பவை உண்டு. எண்ணெய் ஊட்டல், சாயமேற்றல், விரிசலில் கண்ணாடி நிரப்பல் போலக் காலப்போக்கில் கைவிட்டுவிடுபவையும் உண்டு.

மூன்றாவது, கொடுத்த பணம் என்றாவது திரும்ப வர வேண்டுமா என்பது. தங்கத்துக்கு நாள்தோறும் விலை அறிவிக்கப்படுவதால், எந்த நகையையும் மாற்றிப் பணமாக்கலாம் என்ற பழக்கம் நமக்கு ஊறியிருக்கிறது. வண்ணக்கல்லுக்கு அப்படி ஒரு பொது விலை கிடையாது. பழைய நகையை எடுக்கும் கடைகள் பெரும்பாலும் கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்கு மட்டுமே விலை போடும்.

இவற்றோடு, எதிர்காலப் பழுதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ ஆசாரி நெருப்பில் ஊதும்போது கல் தாங்குமா என்று வாங்கும் நாளில் யாரும் கேட்பதில்லை. சில வகைக் கற்கள் அந்த ஒரே வேலையில் பாழாகிவிடும்.

## மண்ணுக்குள் நிறம் பிறக்கும் விதம்

விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதற்கான விடை பூமிக்குள் இருக்கிறது. அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த குருந்தம் தூய நிலையில் நிறமற்றது. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் மாணிக்கம்; இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். பூமியின் மேலோட்டில் அலுமினியம் ஏராளமாக இருந்தாலும், அதைவிடவும் தாராளமாக இருக்கும் சிலிக்கா அதைப் பிடித்துக்கொண்டு சாதாரணப் பாறைக் கனிமமாக்கிவிடுகிறது. சிலிக்கா மிகக் குறைந்த சூழலில்தான் குருந்தம் உருவாக முடியும். பர்மாவின் மோகோக் மாணிக்கங்கள் சுண்ணாம்புக்கல் பளிங்காக உருமாறிய இடத்தில் பிறந்தது இதனால்தான். அதே குரோமியம் பெரில் என்ற கனிமத்துக்குள் நுழைந்தால் மரகதப் பச்சை கிடைக்கிறது. ஆனால் பெரிலுக்குத் தேவையான பெரிலியம் ஒருவகைப் பாறையிலும், குரோமியம் முற்றிலும் வேறுவகைப் பாறையிலும் சேர்வதால் இரண்டும் சந்திப்பது அரிது. அழுத்தமும் அசைவும் மிகுந்த இடங்களில் அந்தச் சந்திப்பு நிகழ்வதால், மரகதம் பிறக்கும்போதே விரிசல்களோடு பிறக்கிறது.

கார்னெட்டின் கதை வேறு. இரும்பு, அலுமினியம், சிலிக்கா என்று எங்கும் கிடைக்கும் பொருள்களாலேயே சிவப்புக் கார்னெட் உருவாகிறது. பாறைகள் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய இடங்களில் எல்லாம் அது காணப்படுகிறது, தமிழகக் கடற்கரை மணலிலும் அதன் துகள்கள் கலந்திருக்கின்றன. செவ்வந்திக் கல் எனப்படும் அமெதிஸ்ட், சிறிதளவு இரும்பு கலந்த குவார்ட்ஸ் இயற்கைக் கதிர்வீச்சுக்கு நெடுங்காலம் ஆட்பட்டதால் ஊதா நிறம் பெற்றது.

சிலிக்கா கரைந்த நீர் எப்படிக் கல்லை உருவாக்குகிறது என்பதைப் பார்க்க நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக்கு அருகே, விழுப்புரம் மாவட்டத்துத் திருவக்கரையில், கடலூர் மணற்கல் என்று புவியியலாளர்கள் அழைக்கும் அடுக்கில் சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் புதைந்த மரங்கள் முழுக் கல்லாக மாறிக் கிடக்கின்றன. பிரெஞ்சு இயற்கையியலாளர் சொன்னரா 1781லேயே அவற்றைப் பற்றி எழுதியிருக்கிறார். மரத்தின் திசுக்களுக்குள் புகுந்த அதே சிலிக்கா நீர், பாறையின் வெற்றிடங்களில் படிந்தால் அகேட்டும், இரும்பின் செம்மை சேர்ந்தால் கார்னீலியனும் கிடைக்கும். (திருவக்கரை, பாதுகாக்கப்பட்ட தேசியப் புவியியல் நினைவுச்சின்னம், அங்கிருந்து துண்டு எடுத்து வந்து பதக்கம் செய்யும் எண்ணம் யாருக்கும் வர வேண்டாம்.)

## நான்கும் ஒரே பார்வையில்

| | அரிய இயற்கைக் கல் | எளிய இயற்கைக் கல் | ஆய்வகத்தில் வளர்த்த கல் | கெம்பும் கண்ணாடியும் |
|---|---|---|---|---|
| எடுத்துக்காட்டு | மாணிக்கம், நீலம், மரகதம் | கார்னெட், அமெதிஸ்ட், அக்வாமரின், நிலாக்கல் | ஆய்வக மாணிக்கம், நீலம், மரகதம் | கெம்பு நகை, வண்ணக் கண்ணாடி |
| கடினம் | 9, மரகதம் 7.5 முதல் 8 | பெரும்பாலும் 6 முதல் 8 | இயற்கைக் கல்லுக்குச் சமம் | கண்ணாடி 5 முதல் 6 |
| பக்குவம் | மிகப் பெரும்பாலும் உண்டு | கல்லைப் பொறுத்தது. கார்னெட்டுக்குப் பொதுவாக இல்லை | பொதுவாகத் தேவையில்லை | பின்புறம் வண்ணத் தகடு வைப்பதுண்டு |
| திரும்ப விற்றால் | சான்றிதழோடு மட்டும், பொறுமையோடு | மிகக் குறைவு | ஏறத்தாழ இல்லை | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | ஆய்வகச் சோதனை, பராமரிப்பு, பழுது | தேய்ந்தால் மறுமெருகு | பெயர் மாற்றி விற்றால் முழு நஷ்டம் | தங்கத்தில் செய்தால் கல்லும் அரக்கும் எடையில் சேர்வது |

## மாணிக்கம், நீலம், மரகதம்

மாணிக்கமும் நீலமும் வைரத்துக்கு அடுத்த கடினம் உடையவை. நல்ல கல்லை ஒரு தலைமுறை அணிந்து அடுத்த தலைமுறைக்குக் கொடுக்கலாம். இன்று சந்தைக்கு வரும் குருந்தக் கற்களில் மிகப் பெரும்பாலானவை 1,000 டிகிரிக்கும் மேற்பட்ட வெப்பத்தில் பக்குவப்பட்டவை. வெறும் வெப்பம் மட்டும் என்றால் நான் அதைக் குறையாகக் கருதமாட்டேன், ஏனெனில் அப்படிப் பெற்ற நிறம் நிலைத்து நிற்கும். வெப்பமூட்டாத கல்லுக்குப் பல மடங்கு விலை சொன்னால், அதற்கு ஆய்வகச் சான்று கேட்டே தீர வேண்டும்.

அஞ்ச வேண்டியது, சுமார் 2004 முதல் சந்தையில் பெருகிய, ஈயக் கண்ணாடி நிரப்பிய மாணிக்கத்தைக் கண்டுதான். விரிசல் நிறைந்த, விலைபோகாத குருந்தத்தை எடுத்து, அதன் விரிசல்களில் ஈயம் கலந்த கண்ணாடியை உருக்கி ஊற்றுகிறார்கள். ஒளி புகாத கல், பார்ப்பதற்குத் தெளிவான மாணிக்கமாகிவிடுகிறது. ‘ஒரிஜினல் மாணிக்கம், சில ஆயிரம்தான்’ என்று காட்டப்படும் பெரிய கற்களில் இந்த வகை ஏராளம். அதில் மாணிக்கம் இருப்பது உண்மை என்பதால் விற்பவர் இயற்கைக் கல் என்றே சொல்வார். ஆனால் எலுமிச்சைச் சாறும் வீட்டுக்குப் பயன்படுத்தும் துப்புரவுத் திரவங்களும் அந்தக் கண்ணாடியை அரிக்கும். ஆசாரி ஊதினால் அது உருகும், அமிலத்தில் போட்டுக் கழுவினால் வெளுத்த கோடுகள் தெரியும். பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் லூப் கண்ணாடியில் கல்லைத் திருப்பிப் பார்த்தால் உள்ளே உருண்டைக் காற்றுக் குமிழ்களும் நீல மின்னல் போன்ற பளிச்சிடலும் தெரிவதுண்டு. இந்த ஒரு பொருளை மட்டும் எந்த நிலையிலும், எந்த விலையிலும் வாங்க வேண்டாம் என்று வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். அதே பணத்துக்கு மற்ற மூன்று வழிகளிலும் மதிப்புள்ள பொருள் கிடைக்கும்.

மரகதத்தின் விரிசல்களில் எண்ணெய் ஊட்டுவது நெடுங்கால வழக்கம். உலக வணிகமும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. எண்ணெய் குறைவா அதிகமா என்பதை ஆய்வகச் சான்று சொல்லும், விலையும் அதைப் பொறுத்தே அமையும். கடைகளில் நகை கழுவும் அல்ட்ராசோனிக் இயந்திரத்தில் மரகதத்தைப் போடவே கூடாது. எண்ணெய் வெளியேறினால் அதுவரை மறைந்திருந்த விரிசல்கள் எல்லாம் தெரிந்துவிடும். கை ஓயாமல் வேலை செய்பவருக்கு மரகத மோதிரத்தைப் பரிசளிப்பதை நான் ஆதரிக்கமாட்டேன். தோடாகவோ பதக்கமாகவோ கொடுக்கலாம்.

பக்குவமே செய்யாத மாணிக்கத்துக்கும் ஆசாரியின் நெருப்பு முழுப் பாதுகாப்பானதல்ல. வெண்காரம் பூசிய நிலையில் கல் மிகுந்த வெப்பத்துக்கு உள்ளானால் அதன் மேற்பரப்பே அரிக்கப்படும். ஆகவே அளவு மாற்றுவதற்கு முன் கல்லைக் கழற்றிவிடச் சொல்ல வேண்டும். கழற்றுவதற்கும் திரும்பப் பதிப்பதற்கும் ஆகும் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இந்த வகைக் கற்களை ராசிக்கல்லாக வாங்குவோருக்கு இந்த வழி ஒன்றே பொருந்தும், ஏனென்றால் சோதிடர்கள் பொதுவாக இயற்கைக் கல்லையே, அதுவும் அடிப்பக்கம் திறந்து தோலில் படும்படி கட்டிய கல்லையே அணியச் சொல்கிறார்கள். அவர்கள் கவனிக்க வேண்டியவை இரண்டு. ரத்தி என்ற எடை எல்லா இடத்திலும் ஒரே அளவைக் குறிப்பதில்லை என்பதால், 0.2 கிராமுக்குச் சமமான கேரட் கணக்கிலேயே எடையையும் விலையையும் எழுதி வாங்க வேண்டும். புஷ்பராகம் என்பது மஞ்சள் நிறக் குருந்தம்; அதன் விலைக்கு மஞ்சள் டோபாஸையோ, சிட்ரின் என்ற மஞ்சள் குவார்ட்ஸையோ கொடுப்பதுண்டு. கனிமத்தின் பெயர் சான்றிதழில் குருந்தம் என்று இருக்கிறதா எனப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## கார்னெட்டும் அதன் உறவினர்களும்

சேமிப்புக்காக அல்லாமல் அன்புக்காக வாங்கும் பரிசு என்றால், நான் முதலில் சொல்வது எளிய இயற்கைக் கல் என்ற இந்த வழியைத்தான். அதிலும் குறிப்பாகக் கார்னெட்டை. வெப்பமூட்டல், நிரப்பல், சாயம் என்ற எதுவும் பொதுவாக அதற்குச் செய்யப்படுவதில்லை. மண்ணிலிருந்து வந்த நிறத்தோடு, பட்டை தீட்டுவது மட்டுமே செய்யப்பட்டு நம் கைக்கு வரும் கற்கள் இன்று மிகச் சிலவே, அவற்றில் நடுத்தரக் குடும்பம் நிம்மதியாக வாங்கக்கூடியது இது. கடினம் 6.5 முதல் 7.5 வரை, தோட்டுக்கும் பதக்கத்துக்கும் மிக நன்று, விசேஷ நாளில் மட்டும் அணியும் மோதிரத்துக்கும் போதும். நவரத்தினங்களில் ஒன்றான கோமேதகமும் கார்னெட் வகையே.

இந்தக் கல்லுக்கும் நம் ஊருக்கும் உள்ள உறவு மிகப் பழையது. கடலூர் சாலையில் புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் இருக்கும் அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை ழான்-மரி கசாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லியும் அகழாய்வு செய்தார்கள். ரோமானியக் காலத்து அந்தத் துறைமுகத்தில் கார்னெட், கார்னீலியன், அகேட், அமெதிஸ்ட், குவார்ட்ஸ் ஆகியவற்றின் மணிகளும், முடிக்கப்படாமல் விடப்பட்ட மணிகளும் கிடைத்தன. மணி செய்யும் பட்டறைகள் அங்கேயே இருந்தன என்பதற்கு அவையே சான்று. மகளுக்கு ஒரு கார்னெட் தோடு கொடுப்பவர், அவளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் சென்று அரிக்கமேட்டுப் பொருள்களைக் காட்டினால், அந்தப் பரிசின் பொருள் இன்னும் ஆழமாகும் என்று நம்புகிறேன்.

இந்த வழியில் வரும் மற்றக் கற்களை ஒரே தட்டில் வைக்க முடியாது. அமெதிஸ்ட் 7 கடினம் உடையது, ஆனால் கடும் வெயிலில் நெடுங்காலம் கிடந்தால் அதன் ஊதா வெளிறும். வெளியில் வேலை செய்பவர் நாள்தோறும் அணிவதற்கு ஏற்றதல்ல. மஞ்சள் சிட்ரினில் பெரும்பகுதி வெப்பமூட்டிய அமெதிஸ்ட்தான். நிறம் நிலைக்கும் என்பதால் தயங்க வேண்டியதில்லை, ஆனால் அரிய கல்லின் விலையைக் கொடுக்கக் கூடாது. கடைகளில் மின்னும் நீல டோபாஸ் ஏறத்தாழ முழுவதும் நிறமற்ற டோபாஸைக் கதிர்வீச்சுக்கும் வெப்பத்துக்கும் உட்படுத்திப் பெற்றது. அக்வாமரின் 7.5 முதல் 8 கடினம் உடைய உறுதியான கல். கொங்கு நாட்டில் காங்கேயம் பக்கத்துப் படியூரில் ஒரு காலத்தில் அது வெட்டி எடுக்கப்பட்டது. நிலாக்கல் அழகில் குறைவில்லாதது, ஆனால் 6 முதல் 6.5 வரைதான் கடினம், பிளவுத்தளமும் உண்டு. மோதிரத்தில் வைக்க வேண்டாம்.

ஓபல், டர்க்வாய்ஸ், முத்து, பவளம் ஆகியவற்றை நம் வீட்டுப் பழக்கத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். இவை மென்மையானவை, டர்க்வாய்ஸ் நுண்துளை நிறைந்ததால் எண்ணெயையும் வியர்வையையும் உறிஞ்சி நிறம் மாறும். தலைக்கு எண்ணெய் வைத்து, மஞ்சள் பூசிக் குளிப்பவருக்கு, வியர்வை ஓயாத கடற்கரை ஊரில், இவற்றை அன்றாட நகையாகக் கொடுத்தால் சில ஆண்டுகளிலேயே மனவருத்தம்தான் மிஞ்சும்.

## ஆய்வகத்தில் வளர்த்த கல்

பிரெஞ்சு வேதியியலாளர் ஓகுஸ்த் வெர்னேய் 1902இல் வெளியிட்ட முறையில், அலுமினிய ஆக்சைடுத் தூளைச் சுடரின் ஊடே விழச்செய்து உருக்கி மாணிக்கம் வளர்க்கப்படுகிறது. அதன் வேதிப்பொருளும் படிக அமைப்பும் கடினமும் இயற்கை மாணிக்கத்தினுடையவையே; ஆகவே அதைப் போலி என்று அழைப்பது தவறு. லூப் கண்ணாடியில் வளைந்த கோடுகள் தெரிந்தால் அது இந்த முறையில் வளர்ந்தது என்று அறியலாம். இயற்கைக் கல்லின் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணம் கொண்டோ இருக்கும். சுடர்முறைக் கல்லின் விலை நூறு ரூபாய்க் கணக்கில் நிற்கும். திரவக் கரைசலில் பல மாதங்கள் வளர்க்கும் ஆய்வக மரகதத்துக்கு அதைவிடக் கூடுதல்.

வேலைக்குச் செல்லும் இளம் பெண் நாள்தோறும் அணிய ஒரு சிவப்பு அல்லது நீல மோதிரம் வேண்டும் என்றால் என் பரிந்துரை இதுவே. கீறல் விழாது, தொலைந்தாலும் குடும்பம் கலங்காது. பணத்தைக் கல்லில் போடாமல் கட்டமைப்பில் போடலாம்: 22 கேரட் தங்கம் மென்மையானது என்பதால் கல்லைப் பிடிக்கும் சிறு கம்பிகள் வளைந்து கல் உதிரும் வாய்ப்பு அதிகம், 75 விழுக்காடு தங்கம் உள்ள 18 கேரட்டில், கல்லைச் சுற்றி விளிம்பு மடித்துப் பதித்தால் நெடுநாள் நிற்கும். மாற்றும்போது கிராமுக்கு விலை குறையும் என்பதை மட்டும் முன்கூட்டியே ஏற்றுக்கொள்ள வேண்டும். கல்லைத் திரும்ப விற்க இயலாது. பெறுபவரிடம் இது ஆய்வகக் கல் என்று சொல்லிக் கொடுப்பதே முறை. சொல்லாமல் விட்டால் இருபது ஆண்டுக்குப் பின் ஒரு கடை மேசையில் அவர் அதைத் தெரிந்துகொள்ள நேரும்.

## கெம்பும் கண்ணாடியும்

அரிக்கமேட்டில் கல்மணிகளோடு கண்ணாடி மணிகளும் செய்யப்பட்டன. இந்தியர்கள் பளிங்குக்கு நிறமேற்றிப் பெரில் போல ஆக்குகிறார்கள் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறிப்பிட்டார். கண்ணாடியைக் கண்ணாடி என்று சொல்லி விற்பதில் குறையேதும் இல்லை. பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கும், வளைகாப்புக்கும், ஒரு புடவைக்குப் பொருத்தமாக ஒரு நாள் அணிவதற்கும் வெள்ளியிலோ முலாம் பூசிய உலோகத்திலோ செய்த கெம்பு நகையைவிடச் சிறந்தது இல்லை. அடிப்பக்கம் மூடிய கட்டில் கல்லுக்குப் பின்னே வண்ணத் தகடு இருக்கலாம் என்பதால் தண்ணீர் படாமல் காக்க வேண்டும். கெம்பைத் தங்கத்தில் செய்வதைத்தான் நான் தடுப்பேன். கல்லும் உள்ளே நிரப்பிய அரக்கும் மொத்த எடையில் சேர்ந்து, செய்கூலியும் சேதாரமும் அதன் மேல் கணக்கிடப்பட்டால், கண்ணாடிக்குத் தங்கத்தின் விலையைக் கொடுத்தவராவீர்கள். குந்தன், போல்கி, ஜடாவ் என்னும் கல் பதித்த நகை வகைகளுக்கு 2021 விதிகளில் கட்டாய ஹால்மார்க்கிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டதால், அவற்றில் தங்கத்தின் தரத்தையும் தனியே உறுதி செய்துகொள்ள வேண்டும்.

## பில்லில் இருக்க வேண்டியவை

ஹால்மார்க் முத்திரையும், 2023 ஏப்ரல் 1 முதல் கட்டாயமான எழுத்தும் எண்ணும் கலந்து ஆறு இடங்கள் கொண்ட அடையாளக் குறியும் தங்கத்தின் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பு. பதித்திருக்கும் கல்லைப் பற்றி அவை ஒன்றும் சொல்வதில்லை. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் மொத்த எடை, கல் எடை, தங்கத்தின் நிகர எடை ஆகிய மூன்றையும் தனித்தனியே எழுதச் சொல்ல வேண்டும். செய்கூலியும் சேதாரமும் நிகர எடைக்கு மட்டும் கணக்கிடப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நகைக்கான ஜி.எஸ்.டி. 3 விழுக்காடு கல்லின் விலை மீதும் சேரும்.

கல்லைப் பற்றிய வரியில் ‘சிவப்புக் கல்’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஏற்க வேண்டாம். கனிமத்தின் பெயர், இயற்கையா ஆய்வகமா, என்ன பக்குவம், எத்தனை கேரட் என்பவை இடம்பெற வேண்டும். அரிய கல்லுக்குக் கடையே அச்சிட்டுத் தரும் அட்டையை நம்பாமல், கடையோடு தொடர்பில்லாத ரத்தினச் சோதனை ஆய்வகத்தின் சான்றைக் கேளுங்கள். கல்லை நகையில் பதிப்பதற்கு முன்பே சோதனைக்கு அனுப்புவது நல்லது. பதித்த பிறகு எடையையும் அடிப்பக்கத்தையும் முழுமையாகப் பார்க்க இயலாது. முன்பணம் கொடுத்துவிட்டு, சோதனை முடிவு பில்லில் எழுதியதற்கு மாறாக இருந்தால் முழுப் பணமும் திரும்பும் என்று எழுதித் தருமாறு கேட்டால், தன் கல்லின் மீது நம்பிக்கை உள்ள வணிகர் மறுப்பதற்குக் காரணம் இல்லை. மறுக்கும் இடத்தில் அரிய கல்லை வாங்க வேண்டாம், கார்னெட்டையோ ஆய்வகக் கல்லையோ வேண்டுமானால் வாங்கலாம்.